‘விடியட்டும் பாப்பம்’ என்று சொல்ல முதல் ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்

எங்கள் மாமா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வயல் செய்தவர். சீனி வருத்தம் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தது. ஒரு கார்த்திகை மழையில் காய்ச்சலும் இருமலும் வந்தது. முதல் நாள் பனடோல், இரண்டாம் நாள் கொத்தமல்லி அவித்த தண்ணீர், மூன்றாம் நாள் ஒரு மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய ஆறு குளிசை. நான்காம் நாள் இரவு படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து விறாந்தையில் சாய்ந்திருந்தார். மாமி ஓட்டோவுக்குச் சொல்லவா என்று கேட்டதற்கு, “மழை பெய்யிது, ரோட்டில யானையும் நிக்கும், விடியட்டும் பாப்பம்” என்றார். விடிந்ததும் கொண்டுபோனோம். ஒட்சிசன் வைத்தார்கள், ஊசி ஏற்றினார்கள், செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தார்கள். அடுத்த நாள் பின்னேரம் மாமா போய்விட்டார்.

வார்ட்டில் இருந்த இளம் டொக்டர் ஒருவர் மாமியின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதை நான் மறக்கவில்லை. மருந்து பிழையில்லை அம்மா, மருந்து வேலை செய்யும் வரைக்கும் தாங்குவதற்கு அவருடைய உடம்பில் மிச்சம் இருக்கவில்லை என்றார். இதை எழுதுவதற்கு அந்த வசனம்தான் காரணம். பெரும்போக மழை தொடங்கிவிட்டால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சளி, இருமல் இல்லாத வீடு இருக்காது. அதில் எது வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடியது, எது நியுமோனியா போல இன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது என்று பிரித்துப் பார்க்க ஒரு மணிக்கூடும் இரண்டு கண்களும் போதும்.

ஒரு நாள் பிந்தினால் என்ன ஆகும்

நியுமோனியாவில் நடப்பது இதுதான். நுரையீரலுக்குள் காற்று நிறைய வேண்டிய சின்னச் சின்ன அறைகளில் நீரும் சீழும் நிறைகிறது. ஒட்சிசன் உள்ளே போகும் வழி குறையக் குறைய உடம்பு அதை ஈடுகட்ட வேகமாக மூச்சு விடத் தொடங்கும். வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு ‘கொஞ்சம் இளைக்குது’ என்று மட்டும்தான் தெரியும், ஆனால் உள்ளே அந்த ஆள் படியேறி ஓடுகிறவர் போல இரவு பகலாக வேலை செய்துகொண்டிருப்பார். அந்தத் தசைகள் களைக்கும் நேரம் ஒன்று வரும். அதற்குப் பிறகு நிலைமை இறங்கும் வேகம் யாருக்கும் பிடிபடாது. சின்னப் பிள்ளைகள் கடைசி வரைக்கும் ஈடுகட்டிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று சரிவார்கள். “காலையில சிரிச்சிக்கொண்டு இருந்த பிள்ளை” என்று தாய்மார் சொல்லி அழுவது இதனால்தான். அவர்கள் கவனிக்காமல் விட்டவர்கள் இல்லை, எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குக் காட்டிக்கொடுக்கவில்லை.

பக்டீரியாவால் வந்த நியுமோனியாவுக்கு அன்டிபயோட்டிக் கொடுத்தால் ஆள் தேறுவது தெரிய பெரும்பாலும் 48 முதல் 72 மணித்தியாலம் எடுக்கும். ஊசி போட்டவுடன் எழும்பி நடக்கும் வருத்தம் இல்லை இது. அந்த இரண்டு மூன்று நாளைத் தன் பலத்தில் கடக்கிறவர்தான் தப்புகிறார். முதல் நாளோ இரண்டாம் நாளோ போனவருக்கு அந்தப் பலம் கையில் இருக்கும். ஐந்தாம் நாள் போகிறவர் அதை வீட்டிலேயே செலவழித்துவிட்டுப் போகிறார். கிருமி இரத்தத்தில் கலந்து இரத்த அழுத்தம் விழுந்துவிட்டால் கணக்கு நாளில் இல்லை, மணித்தியாலத்தில். அமெரிக்காவிலும் கனடாவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த அப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்து 2006 இல் வெளியான ஒரு ஆய்வில், முதல் ஆறு மணித்தியாலத்தில் சரியான அன்டிபயோட்டிக் ஒவ்வொரு மணித்தியாலம் பிந்தும்போதும் தப்புகிறவர்களின் வீதம் சராசரியாக 7.6 சதவீதம் குறைந்தது. உலகம் முழுக்க 2019 இல் மட்டும் ஐந்து வயதுக்குக் குறைந்த ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நியுமோனியாவால் இறந்தார்கள். நேரத்துக்குக் கொடுத்தால் மலிவான அமொக்சிசிலினாலேயே அதில் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கலாம்.

மூச்சை எண்ணுவது எப்படி

எங்கள் தங்கச்சிக்கு மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்தபோது காட்டிக்கொடுத்ததை அப்படியே சொல்கிறேன். பிள்ளை அழுதுகொண்டோ பால் குடித்துக்கொண்டோ இருக்கும்போது எண்ணக்கூடாது. மடியில் அமைதியாக இருக்கும்போது அல்லது நித்திரையில் இருக்கும்போது சட்டையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். வெளிச்சம் வேண்டும், லைட்டைப் போடுங்கள். வயிறும் நெஞ்சும் சேரும் இடத்தைப் பாருங்கள், ஒருமுறை மேலே எழும்பினால் ஒன்று. போனில் ஸ்டொப்வொட்ச்சை வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து செக்கன் எண்ணி நாலால் பெருக்காதீர்கள், சின்னப் பிள்ளைகளின் மூச்சு ஒரே சீராக வராது, கொஞ்சம் ஓடும், கொஞ்சம் நிற்கும். கடும் காய்ச்சலில் மூச்சு கொஞ்சம் கூடத்தான் செய்யும், அதனால் பனடோல் கொடுத்துக் காய்ச்சல் இறங்கிய பிறகு இன்னொருமுறை எண்ணிப் பாருங்கள். பிள்ளையைப் பார்க்கவே பயமாக இருந்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் கூடுதல், ஒருமுறை அப்படி வந்தால் உடனே திரும்ப எண்ணி உறுதிப்படுத்துங்கள். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரைக்கும் 50. ஒன்றிலிருந்து ஐந்து வயது வரைக்கும் 40. இவை உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லைகள். அதைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றைக்கே டொக்டரிடம் காட்ட வேண்டும். ஓய்வாக இருக்கும் வளர்ந்தவருக்கு 12 முதல் 20 வரை சாதாரணம், 25 ஐத் தொட்டால் போய்க் காட்டுங்கள், 30 என்றால் ஒரு பேச்சும் இல்லை, ஆஸ்பத்திரி.

எண்ணும்போதே இன்னொன்றையும் பாருங்கள், இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சும் வயிறும் சேர்ந்து வெளியே வர வேண்டும். அதற்கு மாறாக, கடைசி விலா எலும்புகள் இருக்கும் நெஞ்சின் கீழ்ப்பகுதி விரலால் அழுத்தியது போல ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்தால் பிள்ளை மூச்சுக்குப் போராடுகிறது என்று அர்த்தம். தங்கச்சியின் மகனுக்கு எட்டு மாதத்தில் இப்படி வந்தது. முதலில் எங்களுக்குத் தெரியவில்லை, பிள்ளை மெலிவு என்று நினைத்தோம், பக்கவாட்டில் டோர்ச் அடித்துப் பார்த்தபோதுதான் அந்தக் குழியில் நிழல் விழுந்து மறைந்து விழுந்து மறைந்து கொண்டிருந்தது தெரிந்தது. எண்ணினோம், 64. மணி இரவு பத்தரை, தங்கச்சியின் மாமியார் “மறுகா பாப்பம், பிள்ளை நித்திரையாகட்டும்” என்றார். அவர் பிழையானவர் இல்லை, ஆறு பிள்ளை வளர்த்தவர், பேரனுக்காக உயிரை விடுவார். ஆனால் அன்றைக்கு நாங்கள் போனோம். ஐந்து நாள் வார்ட்டில் இருந்து பிள்ளை வீட்டுக்கு வந்தான்.

சில அடையாளங்கள் தெரிந்தால் எண்ணவே தேவையில்லை, கிளம்ப வேண்டியதுதான். பால் குடிக்கவோ தண்ணீர் குடிக்கவோ முடியாமல் போவது, குடித்ததெல்லாம் வாந்தியாகப் போவது, வலிப்பு, எழுப்பினாலும் எழும்பாத சோர்வு, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல், மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து சுருங்குவது, அழாமல் இருக்கும்போதும் மூச்சை இழுக்கையில் தொண்டையில் கீச்சென்ற சத்தம், நாக்கும் உதட்டின் உட்பக்கமும் நீலமாகவோ சாம்பலாகவோ மாறுவது. நம்முடைய நிறத்துக்கு வெளி உதட்டைப் பார்த்தால் தெரியாது, நாக்கைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலே, அல்லது உடம்பு வழமைக்கு மாறாகக் குளிர்ந்து பால் குடிக்காமல் கிடந்தாலே ஆஸ்பத்திரிதான், வீட்டில் வைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை.

வயதானவர்களில் ஏமாறுவது இன்னும் சுலபம். அம்மம்மாவுக்கோ மூத்தம்மாவுக்கோ நியுமோனியா வந்தால் காய்ச்சலே இல்லாமல் வரலாம். சாப்பாடு வேண்டாம் என்பது, எழும்பும்போது விழுவது, ஆளை மாற்றிக் கூப்பிடுவது, செத்துப்போன தாத்தாவைக் கேட்பது இப்படித்தான் தொடங்கும். வயசாகிவிட்டது, அறளை பெயர்ந்துவிட்டது என்று விட்டுவிடுவார்கள். நேற்று வரைக்கும் தெளிவாகப் பேசியவர் இன்றைக்குத் தடுமாறினால் அது வயசு இல்லை, வருத்தம். வளர்ந்தவர் யாரையும் சோதிக்க நான் செய்வது, ஒரு நீளமான கேள்வி கேட்பது. பதிலை ஒரே மூச்சில் சொல்லாமல் இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினால் போதும், அப்போதே வண்டியைப் பாருங்கள்.

விரலில் மாட்டி ஒட்சிசன் அளவு பார்க்கும் ஒக்சிமீற்றர் கொரோனாக் காலத்தில் வாங்கியது பல வீட்டில் கிடக்கிறது. நகப்பூச்சை அழித்துவிட்டு, கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கி, எண் ஆடாமல் நிற்கும் வரைக்கும் வைத்துப் பாருங்கள். 94 க்குக் கீழே என்றால் ஆஸ்பத்திரி, 90 க்குக் கீழே என்றால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். எண் நல்லதாக இருந்து ஆள் மூச்சுக்குத் தவித்தால் ஆளை நம்புங்கள், மெசினை நம்ப வேண்டாம், கறுத்த தோலில் அது உண்மையைவிடக் கூட்டிக் காட்டுவதும் உண்டு. மறுபக்கம், கொரோனாவில் ஒட்சிசன் நன்றாகக் குறைந்த பிறகும் நடந்து பேசிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். அந்த நாட்களில் அரசாங்கம் வெளியிட்ட மரண அறிவித்தல்களில் இறந்த இடம் ‘வீட்டில்’ என்றும், ‘வைத்தியசாலையில் அனுமதிக்கும்போது’ என்றும் வந்த வரிகளை நான் ஒவ்வொரு நாளும் வாசித்தேன்.

வயலுக்குப் போகிறவர்கள் இதைத் தனியாக வாசியுங்கள்

மெலியோயிடோசிஸ் என்று ஒரு வருத்தம் இருக்கிறது. இலங்கை மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் பக்டீரியா அது, கிழக்கிலும் நோயாளிகளுக்கு உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவோ, அடைமழையில் மூச்சு வழியாகவோ உள்ளே போகும், மழைக்காலத்தில்தான் கூட வரும், சீனி வருத்தக்காரரை அதிகமாகப் பிடிக்கும், நியுமோனியா மாதிரியே காட்டும். நாம் கடையில் வாங்கிப் போடும் அமொக்சிசிலின் இதற்கு வேலை செய்யாது. குறைந்தது பத்து நாளாவது வேறு வகை அன்டிபயோட்டிக்கை நாளத்தின் வழியே ஏற்றி, பிறகு மூன்று மாதமாவது குளிசை எடுக்க வேண்டும். எலிக்காய்ச்சலும் சில பேருக்கு நுரையீரலில் இரத்தம் கசியச் செய்யும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக ஆட்கள் இறந்தபோது முதலில் என்ன காய்ச்சல் என்று தெரியாமல் இருந்து, அப்புறம் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது.

ஆகவே உழவு, விதைப்பு, வரம்பு கட்டு என்று சேற்றில் நின்றவருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தால் டொக்டரிடம் முதல் வசனமாகச் சொல்லுங்கள்: “நான் வயல் செய்கிறவன், எனக்குச் சீனி இருக்கிறது.” அவர் எந்த இரத்தப் பரிசோதனை எழுதுகிறார், எந்த மருந்தில் தொடங்குகிறார் என்பது இந்த ஒரு வசனத்தில் மாறலாம். மாமாவுக்கு அது என்ன கிருமி என்று கடைசி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. பரிசோதனை முடிவு வர முதல் அவர் போய்விட்டார். அவர் வயல் செய்கிறவர் என்று அங்கே யாராவது சொன்னோமா என்று யோசித்தால், ஒருவரும் சொல்லவில்லை.

இரவு வரும் முன்னே முடிவெடுத்து வைப்பது

பிந்துவது மூன்று இடத்தில் நடக்கும். போவதா என்று வீட்டில் முடிவெடுப்பதில், போய்ச் சேருவதில், சேர்ந்த பிறகு சிகிச்சை தொடங்குவதில். தாய் மரணங்களை ஆராய்ந்தவர்கள் 1994 இல் இப்படிப் பிரித்துக் காட்டினார்கள், மூச்சு வருத்தத்துக்கும் அது அப்படியே பொருந்துகிறது. மூன்றிலும் நம் கையில் முழுதாக இருப்பது முதலாவதுதான், கூட நேரம் போவதும் அதில்தான் என்பது என் அனுபவம்.

நம்மூரில் புருஷன் கட்டாரில் இருப்பார், அவர் டியூட்டி முடிந்து கோல் எடுக்கும் வரைக்கும் தாய் பார்த்துக்கொண்டிருப்பாள். அல்லது தாயே சவுதியில், அம்மம்மாதான் பிள்ளையோடு. அதனால் சுகமாக இருக்கும் ஒரு நாளில் எல்லோரும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்: மூச்சு இந்த எண்ணைத் தாண்டினால், நெஞ்சு குழிந்தால், யாரையும் கேட்காமல் வீட்டில் நிற்கிறவர் கிளம்பலாம், போகும் வழியில் போன் எடுத்துச் சொல்லலாம். மற்றப் பிள்ளைகளை எந்த வீட்டில் விடுவது, ஓட்டோக்காசு எங்கே வைத்திருக்கிறது, இரவில் வரக்கூடிய ஓட்டோக்காரத் தம்பியின் நம்பர் எது என்பதையும் அன்றைக்கே தீர்த்து, அந்த எண்களை எழுதி அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

கண்ணூறு என்று நினைத்தால் பார்வை பாருங்கள், தண்ணீர் ஓதிக் கொடுங்கள், நூல் கட்டுங்கள், கோயிலுக்கு நேருங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். அதை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலோ, ஒருவர் பிள்ளையோடு போக மற்றவர் வீட்டில் நின்றோ செய்யலாம். அதற்காக ஒரு இரவைக் கொடுத்துவிடக் கூடாது.

வருத்தக்காரர் இருக்கும் வீட்டில் பின்னேரம் நாலு மணிக்கு ஒருமுறை மூச்சை எண்ணுவது நல்ல பழக்கம். இரவு இரண்டு மணிக்கு மனசு குழம்பும், நாலு மணிக்கு வெளிச்சமும் இருக்கும், பஸ்ஸும் இருக்கும். காலையை விடப் பின்னேரம் மோசமாக இருந்தால் அன்றைக்கே போங்கள், இரவில் சரியாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். படுவான்கரைக்காரருக்கு இது இன்னும் முக்கியம். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கு வழி நன்றாகச் சுருங்கியது, ஆனால் மண்டூர்ப் பக்கம் குருமண்வெளிப் பாதைப் படகை நம்பி இரவில் கிளம்ப முடியாது, வெள்ளம் வந்தால் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் ஓடும். அம்பாறையில் உள்ளே இருக்கும் ஊர்களுக்கும் வெள்ளமும் யானையும் இதே கதைதான். மழை எச்சரிக்கை வந்திருக்கும்போது வீட்டில் சின்னக் குழந்தையோ வயதானவரோ இருமிக்கொண்டிருந்தால் ரோடு மூடும் முன்னே பட்டணத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

மூச்சு முட்டுகிறவரை மோட்டார் சைக்கிளில் நடுவில் வைத்து ஏற்ற வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் நாடு முழுக்க இலவசம், வண்டியிலேயே ஒட்சிசன் இருக்கிறது. போனில் முதலில் சொல்ல வேண்டியது ‘மூச்செடுக்க முடியவில்லை’ என்பதை, அடுத்தது ஊர், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பள்ளி அல்லது சந்தி. பிறகு ஒருவர் டோர்ச்சோடு ரோட்டில் போய் நிற்க வேண்டும். ஆள் படுக்க விரும்பாவிட்டால் படுக்கவைக்காதீர்கள், சாய்த்து உட்காரவையுங்கள்.

எங்கே போவது என்பதில் நம் சனத்துக்கு ஒரு பிடிவாதம், பெரியாஸ்பத்திரிக்குத்தான் போவேன் என்று. மூச்சு மோசமாக உள்ளவருக்குக் கிட்ட இருக்கும் ஆதார வைத்தியசாலைதான் சரி. களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று கரை முழுக்க இருக்கின்றன, அவசர சிகிச்சைப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும். ஒட்சிசனையும் முதல் ஊசியையும் அங்கே தொடங்கிவிட்டு, தேவை என்றால் அவர்களே மட்டக்களப்பு போதனாவுக்கோ அம்பாறைக்கோ அம்புலன்ஸில் மாற்றுவார்கள். காசு கேட்க மாட்டார்கள்.

போனவுடன் நம்பர் எடுத்து வாங்கில் இருந்துவிடாதீர்கள். முதலில் தெரியும் நர்ஸிடம், “பிள்ளைக்கு எட்டு மாதம், மூச்சு நிமிடத்துக்கு 64, நெஞ்சு குழியுது, மத்தியானத்திலிருந்து பால் குடிக்கவில்லை” என்று எண்ணோடு சொல்லுங்கள். ‘சளி’ என்று மட்டும் சொன்னால் வரிசையில்தான் இருப்பீர்கள், அது அவர்களின் குற்றமும் இல்லை, அங்கே இருக்கும் நூறு பேருக்கும் சளிதான். காய்ச்சல் தொடங்கிய நாள், கடைசியாகச் சலம் போன நேரம், ஏற்கனவே கொடுத்த மருந்துகளின் வெற்று உறை, கிளினிக் கொப்பி, பிள்ளையின் கார்ட் எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். நாட்டு மருந்து கொடுத்திருந்தால் மறைக்காதீர்கள், ஏசினாலும் பரவாயில்லை.

வீட்டில் வைத்துப் பார்க்கும்போது

மூச்சு எண் சரியாக இருந்து, சாப்பிட்டு விளையாடிக்கொண்டிருந்தால் சாதாரணத் தடிமன்தான். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள், தண்ணீர் வகை நிறையக் குடிக்கட்டும், பனடோல் நிறைக்குத் தக்க அளவில். கொத்தமல்லி, இஞ்சித் தண்ணீர் வளர்ந்தவருக்கு நல்லது, தேன் ஒரு வயது முடிந்த பிறகு மட்டும். சின்னப் பிள்ளைக்கு வேது பிடிக்க வேண்டாம், கொதிதண்ணீர் கொட்டி வெந்துபோன பிள்ளைகளை வார்ட்டில் பார்த்திருக்கிறேன். மூக்குக்குள் எண்ணெய் விடுவதையும் நிறுத்துங்கள், அது நேரே நுரையீரலுக்குப் போய் வேறொரு நியுமோனியாவைக் கொண்டுவரலாம். போன முறை மிஞ்சிய அன்டிபயோட்டிக் போத்தலைத் திறக்கவே வேண்டாம். வைரஸ் தடிமனுக்கு அது வேலை செய்யாது, பக்டீரியா என்றால் அரைகுறை மருந்து வருத்தத்தை மறைத்து இன்னும் இரண்டு நாளை விழுங்கும். கர்ப்பிணிக்கு இன்புளுவன்சா போலக் கடும் காய்ச்சலும் உடம்பு உளைவும் வந்தால் வீட்டில் பார்க்க வேண்டாம், அதற்குரிய வைரஸ் மருந்து முதல் 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

காய்ச்சல் விட்டு ஆள் தேறி, இரண்டு மூன்று நாளில் திரும்பவும் காய்ச்சலும் இருமலும் கூடினால் அது பழைய தடிமனின் மிச்சம் இல்லை, மேலால் பக்டீரியா ஏறியிருக்கலாம், திரும்பப் போங்கள். இரண்டு கிழமைக்கு மேல் நிற்கும் இருமலுக்கு மார்பு நோய் கிளினிக்கில் சளிப் பரிசோதனை செய்யுங்கள், அதுவும் இலவசம்.

டொக்டர் பார்த்து மருந்து தந்து வீட்டுக்கு அனுப்பினாலும் எண்ணுவதை நிறுத்தாதீர்கள். இரண்டு நாளில் மூச்சு இறங்காவிட்டால், அதற்கிடையில் குடிக்காமல் போனால், நெஞ்சு குழியத் தொடங்கினால் அதே துண்டோடு திரும்பப் போங்கள். நேற்றுத்தானே வந்தீர்கள் என்று கேட்பார்கள் என்ற வெட்கத்தில் பல பேர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். கேட்டால், “நேற்று 44, இன்றைக்கு 58” என்று சொல்லுங்கள்.